படிவம் ஏழு: பதிலளிக்கும் உரிமை

முதல் அடி விழுந்தபோது சிவராசா சிரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அது பல்லில் பட்டது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. ஒட்டுசுட்டானில் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே அவருக்கு இரண்டு ஏக்கர் வயல். வயலையும் வீட்டையும் ஆற்றிலிருந்து காப்பது ஒரே ஒரு மண்கட்டு. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தில் அடிபட்டு, உடுத்த உடுப்போடு ஓடிவந்த அவருடைய தகப்பன் கூடை கூடையாகச் சுமந்து போட்ட கட்டு அது. அஜந்தன் முதலாளியின் டிப்பர்கள் அந்தக் கட்டின் அடிப்பக்கத்தில் மண் அள்ளத் தொடங்கி மூன்று மாதம். மேலே பார்த்தால் கட்டு கட்டாகத்தான் இருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் பூச்சி தின்ற பல்லுமாதிரி உள்ளே கோறையாகிக் கிடந்தது. கார்த்திகை மழைக்கு முன் இதை நிறுத்தாவிட்டால் ஆறு வயலுக்குள்ளால் வந்து குசினிக்குள்ளால் போகும்.

"முதலாளி, மற்றக் கரையில அள்ளினால் உங்களுக்கும் சுகம், எனக்கும் சுகம்" என்று சொல்லத்தான் ஆடி மாதம் ஒரு காலையில் போனார். நல்ல வார்த்தை சொல்லப் போகும்போது சிரித்த முகமாகப் போகவேண்டும் என்று நினைத்தார். டிப்பரில் இருந்து இறங்கியவன் மண்வெட்டிப் பிடியோடு இறங்கினான். முதிரை மரப் பிடி. முன்பல் இரண்டும் ஆற்று மணலில் விழுந்தன. சிவராசா குனிந்து தேடி எடுத்தார். குனிந்ததால் அடுத்த அடி முதுகில் விழுந்தது.

பொலிஸில் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "எங்க விழுந்தனீர்?"

"விழேல்லை ஐயா. அடிச்சவங்கள்."

"அடிச்சாப் பிறகு விழுந்தனீரோ இல்லையோ?"

"விழுந்தனான்தான்."

"அப்ப விழுந்தது உண்மை" என்று எழுதி, ஒப்பம் வாங்கிக்கொண்டார்.

வவுனியாவில் வன்னி உண்மை நிலையம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னது அவருடைய மனைவி வீரம்மாதான். சந்தையில் மரக்கறி சுற்றித் தந்த தாளில் பார்த்திருந்தாள். "அதிகாரத்திடம் அஞ்சாமல் கேட்போம். இலாப நோக்கமற்ற புலனாய்வு ஊடகம்" என்று அதில் போட்டிருந்தது. பூசணிக்காய்த் துண்டின் ஈரத்தில் "அஞ்சாமல்" மட்டும் கொஞ்சம் அழிந்துபோயிருந்தது.

"போய்ச் சொல்லுங்கோ. பேப்பரில வந்தால் நிப்பாட்டுவாங்கள்" என்றாள்.

சிவராசா பல் இரண்டையும் ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுத் தரும் சிறிய உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நிலையம் இரண்டாம் மாடியில் இருந்தது. உள்ளே குளிரூட்டி ஓடியது. பணிப்பாளர் நிருஷன் பத்துப் பன்னிரண்டு பை வைத்த சட்டை போட்டிருந்தார். எல்லாப் பையும் வெறுமையாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் தரவு சரிபார்ப்பு அலுவலர் சுரேகா சிவப்புப் பேனாவோடு இருந்தாள். மெதுவாகப் பேசுகிற பிள்ளை. சிவராசாவின் வாயைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, இஞ்ச நாங்கள் ஒருத்தருக்கும் பயமில்லை" என்றார் நிருஷன். "முதலாளி எண்டாலும் கேப்பம். மந்திரி எண்டாலும் கேப்பம். கேக்கிறதுதான் எங்கட வேலை. கேட்டதால ஏதாவது நடந்ததோ எண்டு மட்டும் எங்களிட்டக் கேக்கக்கூடாது. அது வேற ஆக்களின்ர திட்டம்."

"எனக்கு மழைக்கு முதல் பேப்பரில வந்தாக் காணும் தம்பி."

"மழை எப்ப?"

"ஐப்பசியில தொடங்கும். கார்த்திகையில ஆறு வரும்."

"காணும், காணும். எங்கட நடைமுறை வேகமானது. மொத்தம் ஒன்பது படிவம்தான்."

படிவம் ஒன்று சம்மதம். பதினொரு பக்கம். படிவம் இரண்டு மனவேதனையை ஒன்றிலிருந்து பத்து வரை அளப்பது. சிவராசா நாலு போட்டார். சுரேகா மெதுவாக, "ஆறுக்குக் கீழ எண்டால் எங்கட பிரிவுக்குள்ள வராது ஐயா" என்றாள். ஏழாக்கினார். படிவம் நாலில், "உங்களைத் தாக்கியவர் அப்போது எந்த மனநிலையில் இருந்ததாகக் கருதுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தது. யோசித்து, "காலைச் சாப்பாடு சாப்பிடாதவர் போல" என்று எழுதினார். பல்லுக்கு 1அ, 1ஆ என்று இலக்கம் ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் நிருஷனின் தயிர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

பிறகு படிவம் ஏழு வந்தது.

"இது பதிலளிக்கும் உரிமை" என்றாள் சுரேகா. "நாங்கள் ஒருத்தரைப் பற்றி எழுத முதல், அவரைப் பற்றி என்ன சொல்லப்பட்டது, ஆர் சொன்னது எண்டு முழுசா எழுதி அனுப்போணும். பதினாலு நாள் தவணை. முழு விவரம் குடுக்காட்டில் அது அவருக்குச் செய்யிற அநியாயம்."

"என்ர பேரையும் எழுதுவியளோ பிள்ளை?"

"பேர் இல்லாத முறைப்பாட்டை நாங்கள் ஏத்துக்கொள்ளுறேல்லை. அது கோழைத்தனம்" என்றார் நிருஷன். அவருடைய நிலையத்தில் இருந்து போகும் எந்தக் கடிதத்திலும் அவருடைய பெயர் இருக்காது. பாதுகாப்புக் காரணம் என்று அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

சுரேகா தொடர்ந்தாள். "அவர் நேரில வந்து விளக்கம் குடுக்க விரும்பினால் வீடு தேடிக் கஷ்டப்படக்கூடாது. வீட்டு அடையாளம்?"

"ரெண்டாவது மதகு தாண்டி, நீலத் தகரம்."

"எத்தின மணிக்கு வீட்டில இருப்பியள்?"

"நாலுக்குப் பிறகு."

"நாய் இருக்கோ?"

"இருந்தது. போன வருசம் யானை மிதிச்சிட்டுது."

"நாய் இல்லை" என்று எழுதிக்கொண்டாள்.

பதினோராம் நாள் நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கையில் கடிதம். படித்தவன் போலிருந்தது, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டிருந்தான்.

"நீலத் தகரம்" என்று வாசித்துக் கூரையைப் பார்த்தான். "சரி. நாய் இல்லை. அதுவும் சரி. ஆரண்ணை உங்களுக்கு இதை எழுதிக் குடுத்தது? வடிவாக் கிடக்கு."

"வவுனியாவில ஒரு பிள்ளை."

"‘ஒருவர் மண்வெட்டிப் பிடியால் என் முகத்தில் அடித்தார். குனிந்தபோது முதுகில் அடித்தார்.’ பிடிச்சுக்கொண்டது ஆரெண்டு எழுதேல்லையே."

"ஒருத்தரும் பிடிக்கேல்லைத் தம்பி."

"பிடிக்காமலோ அடிச்சவன்? ஒழுங்கு தெரியாதவன்" என்று மற்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள்.

இந்த முறை சிவராசா சிரிக்கவில்லை. வாயை இறுக்க மூடியிருந்தார். இருந்தும் இன்னும் இரண்டு பல் போயிற்று. இடது கை முறிந்தபோது கொய்யாக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. எந்தக் கொப்பு என்று அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். வீரம்மா குசினியில் இருந்து கொதிக்கிற கஞ்சிப் பானையோடு ஓடிவந்து பிடித்திருந்தவன் ஒருவனின் முதுகில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டே அவளைத் தள்ளினான். சுவரில் மோதி அவள் நெற்றி வெடித்தது. கடிதம் வைத்திருந்தவன், போகும்போது தாளை மடித்துச் சிவராசாவின் சட்டைப் பைக்குள் வைத்தான். இரத்தம் படாத பக்கத்துப் பையாகப் பார்த்து வைத்தான்.

"பதில் குடுத்தாச்செண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ" என்றான்.

கை மாவுக்கட்டில் தொங்க, சிவராசா மறுபடி வவுனியாவுக்குப் போனார். சுரேகா ஓடிவந்து கதிரை இழுத்துப் போட்டு, பால் விடாத பிளேன்ரீ ஊற்றி, உறிஞ்சி எடுக்கக் குழாய் ஒன்றும் வைத்தாள். பிறகு இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயா, குறை நினையாதையுங்கோ. ஆடியில ரெண்டு பல்லெண்டு சொன்னனீங்கள். இப்ப நாலு எண்டுறியள்."

"இடையில வந்து அடிச்சவங்கள் பிள்ளை."

"அது எனக்கு விளங்குது. வாசிக்கிறவைக்கு விளங்காது. போன முறை கையைப் பற்றிச் சொல்லவே இல்லை."

"அப்ப கை முறியேல்லை."

அவள் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினாள். எதிர்ப்பக்கத்தில் இருந்த சிவராசாவுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. இருந்தும் வாசிக்க முடிந்தது: "மூலத்தகவலாளர் காயங்களை மாற்றிச் சொல்கிறார். நம்பகத்தன்மை: நடுத்தரம்."

அஜந்தன் முதலாளியின் நம்பகத்தன்மை "உயர்வு" என்றிருந்தது. அவர் தவணைக்கு இரண்டு நாள் முன்னமே தட்டச்சில் பதில் அனுப்பியிருந்தார். நிருஷன் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடாத குறையாகத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோ ஐயா. எட்டு வருசத்தில எங்களுக்குப் பதில் போட்ட முதல் பெரிய மனுசன். என்ன மரியாதை, என்ன தமிழ்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "‘தங்கள் கடிதத்தில் வெறுமனே மண்வெட்டிப் பிடி என்று கண்டேன். எமது நிறுவனம் முதிரை மரப் பிடி தவிர வேறெதையும் பாவிப்பதில்லை. மேலும் அன்று என் ஆட்கள் அவ்விடத்தில் இருக்கவில்லை. அப்பகுதியில் யானைத் தொல்லை உண்டு. யானை அடித்திருக்கலாம்.’"

"யானை மண்வெட்டிப் பிடியால அடிக்குமோ தம்பி?"

"அதைத்தான் நாங்களும் கேப்பம். முதலாளியை விசாரிச்சனாங்கள். யானையை விசாரிக்காட்டில் பக்கச்சார்பு."

யானை விஷயம் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குப் படிவம் ஏழு போயிற்று. யானையின் சார்பில் பதினாலு நாள் தவணை. யானைக்கு எழுத வராது என்பதால் இன்னும் ஏழு நாள் கூட்டிக் கொடுத்தார்கள். பதில் ஒரு வரியில் வந்தது: "யானை பல்லை மட்டும் உடைத்துவிட்டுப் போவதில்லை." இதை மறுப்பாக எடுப்பதா, யானையின் நற்சான்றாக எடுப்பதா என்று நிலையத்தில் ஒரு முழுநாள் கூட்டம் நடந்தது. மதியம் கோழிப் புரியாணி.

அதற்குள் புரட்டாதி பிறந்துவிட்டது. கட்டின் மேலே சைக்கிள் போனாலும் அதிர்ந்தது.

"பேப்பரில எப்ப வரும் தம்பி?" என்று சிவராசா தொலைபேசியில் கேட்டார். பல் இல்லாமல் "பேப்பர்" என்று சொல்வது அவருக்கு ஒரு வேலையாகிவிட்டிருந்தது.

"எழுத்து இப்ப ஒருத்தரும் வாசிக்கிறேல்லை ஐயா. காணொளி செய்வம். நடந்ததை அப்பிடியே நடிச்சுக் காட்டுவம். ஒரு கிழமையில வெளியில வரும். மழைக்கு முதல்."

மழைக்கு முதல் என்ற சொல்லுக்காகச் சிவராசா ஒப்புக்கொண்டார்.

வவுனியாவில் இருந்து நாடகக்காரப் பிள்ளைகள் மூன்று பேர் சிவராசாவின் வீட்டு வளவுக்கு வந்தார்கள். தலைக்கு மேலே பறக்கும் கமரா ஒன்றும் வந்தது. பிள்ளைகள் பஞ்சு வைத்துத் தைத்த தடியால், "ஐயா, நோகுதோ? ஐயா, நோகுதோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். நிருஷனுக்கு முகம் சுருங்கியது.

"இதில உண்மை இல்லை" என்றார்.

சுரேகாவும் தயங்கித் தயங்கி, சம்பவ இடத்தில் இருந்தவர்கள் பார்த்துச் சரி சொல்லாத மீள்நடிப்பை விதிப்படி வெளியிட முடியாது என்றாள். நிருஷன் அஜந்தன் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். முதலாளி பெருந்தன்மையான ஆள். ஆட்கள் அவ்விடத்தில் இருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், உண்மையைத் தேடுகிற வேலைக்கு உதவாமல் இருக்கக்கூடாது என்று சொல்லி அரைமணித்தியாலத்தில் மூன்று பேரையும் அனுப்பினார். அசல் பிடியையும் கொடுத்துவிட்டார்.

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்று நிருஷன் கேட்டார்.

"இஞ்ச" என்றான் கடிதக்காரன். "இவர் அங்க. அண்ணை, ரெண்டடி முன்னுக்கு வாங்கோ. அண்டைக்கு இப்பிடியோ நிண்டனீங்கள்?"

சிவராசாவின் சட்டைக் கழுத்தில் சின்ன ஒலிவாங்கி குத்தியிருந்தது. முதல் அடி விலாவில் விழுந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றார் நிருஷன்.

சிவராசா நிமிர்ந்து அவரை நன்றியோடு பார்த்தார்.

"வெயில் முகத்தில விழுது. அந்தப் பக்கம் திருப்பி நிப்பாட்டி, இன்னொருக்கா."

நாலு முறை எடுத்தார்கள். மூன்றாவதில் பறக்கும் கமரா கொய்யாக் கொப்பில் மாட்டிக்கொண்டதால் நாலாவது தேவைப்பட்டது. நாலாவதில் விலா எலும்பு உடைந்த சத்தம் ஒலிவாங்கியில் துல்லியமாக விழுந்தது. கேள்கருவி போட்டிருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சுரேகா ஒரு மூலைக்குப் போய் நின்று அழுதாள். அழுதுவிட்டு வந்து, முகத்தில் பட்ட அடி எந்த வரிசையில் பட்டது என்று குறித்துக்கொண்டாள். சிவராசாவின் கீழுதடு வெடித்து எட்டுத் தையல் போட்டார்கள்.

காணொளி வெளியில் வரவில்லை. அடித்த மூன்று பேரும் படிவம் ஒன்றில் ஒப்பம் வைக்க மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் அவர்களுடைய முகத்தைக் காட்டுவது அவர்களின் தனியுரிமைக்கு எதிரானது என்று நிருஷன் விளக்கினார். "நாங்களும் உரிமையை மீறினால் அவையளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் ஐயா?" என்றார். சிவராசாவுக்குப் பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. தையல்.

ஐப்பசி கடைசியில் புதிய காயங்களுக்குப் புதிய வாக்குமூலம் வேண்டும் என்று அழைப்பு வந்தது. வாய் வீங்கியிருந்த சிவராசாவுக்குப் பதிலாக வீரம்மா போனாள். நெற்றித் தழும்பில் திருநீறு பூசியிருந்தாள். வெளியே முதல் மழை பெய்துகொண்டிருந்தது.

சுரேகா எல்லாவற்றையும் எழுதினாள். படிவம் ஏழுக்கு வந்ததும், "வீட்டு விவரம் பழையபடிதானே அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அதை மாத்தோணும். பிழையான விவரம் குடுக்கக்கூடாதுதானே."

"ஓம், ஓம். கட்டாயம் மாத்தோணும்."

"பன்றிக் காவலுக்கு ஆத்துக்கட்டில கொட்டில் போட்டுக் கிடக்கு. மருதமரத்தடியில. நாலு மணிக்கு அவர் அங்க இருக்கிற நேரம்."

"கொட்டில் மட்டும் போகப் பாதை இருக்கோ?"

"கட்டுக்கு மேலால வாகனமே போகும். போன மாதம் வரைக்கும் டிப்பர் போனது" என்றாள் வீரம்மா. அதில் ஒரு பொய்யும் இல்லை.

கடிதம் போயிற்று. ஒன்பதாம் நாள் வீரம்மா மத்தியானமே சிவராசாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

"நாலு மணிக்கு நான் கட்டில நிக்கோணுமே" என்றார் அவர், தையலுக்குள்ளால்.

"கை மாவுக்கட்டு வெட்டுறது இண்டைக்குத்தான். பேசாமல் வாங்கோ."

அன்றைக்கு அஜந்தன் முதலாளியும் நேரில் வந்தார். இன்னொரு கடிதமும் வந்தால் மனுசனுக்கு எரிச்சல் வராதா. மண் ஏற்றிக்கொண்டு வந்த டிப்பரின் முன் இருக்கையில் ஏறி, போகிற வழியில் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று கட்டின் மேலால் விடச் சொன்னார். மூன்று நாள் மழையில் ஊறிய கட்டு. கீழே முழுக்க அவரே அள்ளிக் கோறையாக்கியது. கொட்டிலுக்குப் பத்து யார் இருக்கும்போது கட்டு பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் போட்டு இறங்கியது. டிப்பர் சரிந்து, உருண்டு, தான் மண் அள்ளிய கிடங்குக்குள்ளேயே தலைகுப்புறப் போய் இறுகியது. பின்னால் நின்று வந்த கடிதக்காரன் மண்ணுக்குள் கழுத்து வரை புதைந்து, பிறகு இழுத்தெடுக்கப்பட்டான். வலது தோள் கழன்றுபோயிருந்தது. ஒருவனுக்கு இடுப்பு. மற்றவன் ஆற்றில் அரை மைல் போய் மூங்கிலைப் பிடித்துக்கொண்டான். முதலாளியின் முகம் முன்கண்ணாடியில் போய் மோதியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மூன்றாம் நாள் ஆறு வந்தது. கட்டு உடைந்த இடத்தில் டிப்பர் கிடந்தது. அதன் மேல் அது கொண்டுவந்த மண்ணும், சரிந்த கட்டும் மூடிக் கிடந்தன. தண்ணீர் வந்து முட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தால் சுற்றிப் போயிற்று. அள்ளின மண்ணில் ஒரு லோட் திரும்பி வந்திருந்தது.

"கட்டு இளகிக் கிடக்கெண்டு உனக்குத் தெரியும்தானே?" என்று சிவராசா கேட்டார்.

"ஊருக்கே தெரியும். நீங்கள் நாலு மாதமா அதைத்தானே எல்லாரிட்டையும் சொல்லித் திரிஞ்சனீங்கள்" என்றாள் வீரம்மா.

அடுத்த கிழமை பதிவுத் தபால் வந்தது. வன்னி உண்மை நிலையம். இந்த முறை "அன்புடையீர், உங்கள் மீது" என்று தொடங்கியது. அஜந்தன் முதலாளி முறைப்பாடு கொடுத்திருந்தார். கட்டைப் பராமரிக்காமல் விட்டு வாகனத்துக்கும் ஆட்களுக்கும் சேதம் விளைவித்தது. முன்பல் நாலு, கால் ஒன்று. முதல் வாக்குமூலத்திலும் நாலு, இரண்டாவதிலும் நாலு. நம்பகத்தன்மை உயர்வு. சிவராசா பதினாலு நாளுக்குள் பதிலளிக்கலாம். நேரில் விளக்கம் கொடுக்க விரும்பினால் சிரமப்படக்கூடாது என்று விவரமும் இருந்தது: "ஆஸ்பத்திரி ஆண்கள் வார்ட், எட்டாம் கட்டில். மாலை நாலு மணிக்குப் பின் துணைக்கு ஆள் இல்லை. கால் கட்டித் தூக்கியிருப்பதால் எழும்ப மாட்டார்."

இந்தக் கடிதத்தின் பிரதி முதலாளிக்கும் போயிருந்தது. அதுதான் நடைமுறை.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குச் சிவராசா வார்டுக்குள் வந்தார். கக்கத்தில் பத்திரிகைத் தாள் சுற்றிய நீளமான சாமான் ஒன்று. முதலாளி அதைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கட்டித் தூக்கியிருந்த தன் காலைப் பார்த்தார்.

"சிவராசண்ணை" என்றார். முன்பல் போனவர்கள் எல்லோருக்கும் குரல் ஒரே மாதிரித்தான் போலிருந்தது. "அண்ணை, நான் சொல்லுறன். எல்லாம் சொல்லுறன்."

சிவராசா கதிரையை இழுத்து அருகில் இருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. முதலாளி சொல்லத் தொடங்கினார். ஒரே அனுமதிப்பத்திரத்தின் பிரதியில் எத்தனை டிப்பர் ஓடுகிறது, எந்தக் கந்தோரில் யார் கண்ணை மூடிக்கொள்கிறார், முறைப்பாடு வந்தால் பொலிஸில் இருந்து தனக்கு யார் தொலைபேசி எடுக்கிறார், முதிரைப் பிடிகள் எங்கே செய்யப்படுகின்றன, ஆற்றில் இன்னும் எந்தெந்த இடம். ஏழாம் கட்டிலிலும் ஒன்பதாம் கட்டிலிலும் இருந்தவர்கள் தலையணையில் சாய்ந்து கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாம் கட்டில்காரர் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். முதலாளி திருப்பிச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் சிவராசா தாளைப் பிரித்தார். குடை.

"மழை. தாளைச் சுத்தாட்டில் பஸ்ஸில ஆக்களின்ர சீலையெல்லாம் நனையுது" என்றார். பைக்குள் இருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்தார். "கஞ்சி. வீரம்மா காய்ச்சினவள். பல்லுப் போனால் ஒரு மாதத்துக்கு வேற ஒண்டும் இறங்காது. எனக்குத் தெரியும்."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவராசா கரண்டியில் எடுத்து ஊதி, நீட்டினார். முதலாளி வாயைத் திறந்தார்.

அன்று இருட்டுவதற்குள் அந்த வாக்குமூலம் மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வரைக்கும் எல்லோருடைய தொலைபேசியிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு நாளில் ஆற்றில் ஒரு டிப்பரும் இல்லை, சிவராசாவின் ஆற்றுக்கட்டுக்குள் புதைந்து கிடந்ததைத் தவிர.

வன்னி உண்மை நிலையம் மட்டும் அதை வெளியிடவில்லை. "பெரிய குற்றச்சாட்டு ஐயா" என்று நிருஷன் தொலைபேசியில் விளக்கினார். "குற்றம் சாட்டப்பட்டவருக்கு இன்னும் பதிலளிக்கும் உரிமை குடுக்கேல்லை."

"அவர்தானே தம்பி சொன்னவர்."

"அதுதான். அவர் தன்னைப் பற்றி என்ன சொன்னவர் எண்டு அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறம். பதினாலு நாள்."

சுரேகா தொலைபேசியை வாங்கினாள். "ஐயா, உங்கட பதிலில ‘கஞ்சி கொடுத்தேன், குடித்தார்’ எண்டு மட்டும் எழுதியிருக்கு. அவர் மூண்டு கரண்டி எண்டுறார். நீங்கள் எத்தினை எண்டு போடேல்லை."

சிவராசா யோசித்தார். "நாலு குடுத்தனான். ஒண்டு வாயால வழிஞ்சு போட்டுது. பல்லில்லைத்தானே."

மறுபக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "அப்ப பொருந்துது ஐயா" என்றாள் சுரேகா. இவ்வளவு மாதத்தில் அவள் குரலில் அவர் முதன்முதலாகச் சந்தோசத்தைக் கேட்டார்.

நிலையத்தின் முதலாவது புலனாய்வு அறிக்கை அந்தக் கிழமை வெளியானது. எட்டாம் கட்டிலில் கஞ்சி குடிக்கப்பட்டதை இரு தரப்பும் உறுதிசெய்ததாக அதில் இருந்தது. கஞ்சியில் உப்புக் காணாது என்று ஒரு தரப்பு கூறியதாகவும், காய்ச்சியவரிடம் பதில் கோரப்பட்டுள்ளதாகவும் கடைசி வரியில் இருந்தது.

வீரம்மாவுக்குப் படிவம் ஏழு வெள்ளிக்கிழமை வந்தது. பதினாலு நாள் தவணை. ஆண்கள் வார்ட், எட்டாம் கட்டில், நாலு மணிக்குப் பின் துணைக்கு ஆள் இல்லை. அவள் ஒருமுறை வாசித்தாள். மீள்நடிப்பு முடிந்த அன்று வளவுக்குள் மறந்து விட்டுப்போன மண்வெட்டிப் பிடியைக் குசினி மூலையில் இருந்து எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றினாள்.

"குடை அங்க கிடக்கு" என்றார் சிவராசா.

"மழை விட்டிட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.